விமானம் ஓட்ட வந்தவர்

விமானத்தில் ஏறியதும் கைகூப்பி வரவேற்கும் பெண்ணை இன்று யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அந்த உத்தியோகத்தில் முதன்முதலாக அமர்ந்த பெண்மணி அமெரிக்காவின் எல்லன் சர்ச். ஆனால் அவர் கேட்டுப் போனது அந்த வேலையை அல்ல.

1904-ல் அயோவா மாநிலத்தில் கிரெஸ்கோ என்ற சிற்றூரில் பிறந்தவர். நர்ஸ் படிப்பு முடித்து, சான்பிரான்சிஸ்கோவில் ஓர் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். விமானம் ஓட்டவும் கற்று லைசென்ஸ் பெற்றிருந்தார். 1930-ல் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் அதிகாரி ஸ்டீவ் ஸ்டிம்ப்சனைப் பார்த்து விமானி வேலை கேட்டார். பெண்களுக்கு அதைத் தராத காலம். கதவு சாத்தியாகிவிட்டது என்று தெரிந்ததும் அவர் வேறொரு யோசனை சொன்னார்: ஜனங்கள் பறக்கப் பயப்படுகிறார்கள், கூடவே ஒரு நர்ஸ் இருந்தால் தைரியம் வருமே! மேலிடம் மூன்று மாதப் பரீட்சைக்குச் சம்மதித்தது.

எட்டு நர்ஸுகளைச் சேர்த்தார்கள். நிபந்தனைகளைக் கேளுங்கள். வயது 25-க்குள், எடை 115 பவுண்டுக்குள், உயரம் 5 அடி 4 அங்குலத்துக்குள். விவாகம் ஆகியிருக்கக் கூடாது. மாதம் 100 மணி நேரம் பறந்தால் 125 டாலர் சம்பளம். 1930 மே 15 அன்று, ஆக்லண்டிலிருந்து சிகாகோ செல்லும் விமானத்தில் எல்லன் பணியேற்றார். வழியில் 13 இடங்களில் நின்று, சுமார் 20 மணி நேரப் பயணம். சாப்பாடு பரிமாறுவது மட்டுமா வேலை? மூட்டை தூக்குவது, தளர்ந்த நாற்காலிகளைத் தரையோடு முடுக்குவது, பெட்ரோல் நிரப்ப உதவுவது, விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளுவது எல்லாம்தான். கழிவறைக்கு எழுந்தவர் தவறி வெளிக் கதவைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்!

எல்லன் அந்த வேலையில் இருந்தது 18 மாதம்தான். கார் விபத்து ஒன்று அவரைத் தரையிலேயே நிறுத்திவிட்டது. மீண்டும் படித்துப் பட்டம் பெற்று ஆஸ்பத்திரிப் பணிக்குத் திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ நர்ஸாகி, காயமுற்ற சிப்பாய்களை விமானத்தில் கொண்டுவரும் பணியில் வட ஆப்பிரிக்கா, சிசிலி, இங்கிலாந்து, பிரான்ஸ் என்று சுற்றினார். காப்டன் பதவியும் ஏர் மெடல் விருதும் கிடைத்தன. என் அபிப்பிராயத்தில் அவருடைய நிஜமான விமான வாழ்க்கை இதுதான். பிறகு இண்டியானாவில் டெர் ஹோட் நகர ஆஸ்பத்திரியில் நிர்வாகியாக இருந்து, 60 வயதை எட்டும் சமயம் 1964-ல் மணந்துகொண்டார். மறு வருஷமே குதிரையிலிருந்து விழுந்து காலமானார். கிரெஸ்கோ விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வயது, விவாக நிபந்தனைகள் அவரோடு போகவில்லை. நம் ஏர் இந்தியாவிலும் 35 வயது, வேலையில் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம், முதல் கர்ப்பம் ஆகியவற்றில் எது முந்துகிறதோ அப்போது பணிப்பெண் விலக வேண்டும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மீர்ஸா வழக்கில் 1981-ல் சுப்ரீம் கோர்ட் கர்ப்ப விதியை ரத்து செய்தது. நான்கு வருஷக் கல்யாண விதியை மட்டும் நியாயமானது என்று விட்டுவிட்டது.