உடல் பருமன் ஆய்வு: எடை மெஷினில் ஏற்ற மட்டும்தானா, யோசனையும் கேட்பார்களா?

"எடையைக் குறைக்கணும்னு இவங்களுக்கு அக்கறையே இல்ல."

உடல் பருமனோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களைப் பற்றி மருத்துவர்கள் பலரிடம் இப்படி ஒரு நினைப்பு உண்டு. 2019-ல் வெளியான 'ஆக்‌ஷன் ஐஓ' என்ற சர்வதேச ஆய்வு இதை எண்ணிக்கையாகவே காட்டியது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடை குறைப்பதில் ஆர்வம் இல்லை என்று நினைத்த மருத்துவர்கள், மருத்துவப் பணியாளர்கள் 71 சதவீதம். அதே கேள்வியைச் சம்பந்தப்பட்டவர்களிடமே கேட்டபோது, "ஆமாம், ஆர்வம் இல்லை" என்று சொன்னவர்கள் வெறும் 7 சதவீதம்.

பிரிட்டன், ஜப்பான், மெக்சிகோ, சவுதி அரேபியா உள்ளிட்ட 11 நாடுகளில் நடந்த ஆய்வு இது. உடல் பருமன் உள்ள 14,502 பேரும், மருத்துவத் துறையினர் 2,785 பேரும் பதில் சொன்னார்கள். எடையோடு போராட ஆரம்பித்த நாளிலிருந்து முதன்முதலாக ஒரு மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசுவதற்கு சராசரியாக 6 ஆண்டுகள் ஆகியிருந்தன. டாக்டரே பேச்சை எடுத்தால் நல்லது என்று 68 சதவீதம் பேர் சொன்னார்கள். டாக்டரோ, இவருக்கு ஆர்வமில்லை என்று நினைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

(இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது எடை குறைப்பு மருந்து விற்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது? பல ஆண்டுகளாக உடல் பருமன் ஆய்வுகளில் அந்த உடலோடு வாழ்பவர்களின் வேலை எடை மெஷினில் ஏறுவது, ரத்தம் கொடுப்பது, படிவத்தை நிரப்புவது என்பதோடு முடிந்துவிட்டது. எதை ஆராய வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. இப்போது அந்த நிலை மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது.

'பட்டறிவு' என்றால் என்ன?

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்று நம்மூரில் சொல்வார்கள். ஒரு நோயோடு தினமும் வாழ்ந்து தெரிந்துகொண்ட விஷயங்களும் ஒரு வகை அறிவுதான், ஆய்வுக்கு அதுவும் தேவை என்பதே இந்த அணுகுமுறையின் அடிப்படை. தமிழில் அதற்குப் 'பட்டறிவு' என்ற வார்த்தை ஏற்கனவே இருக்கிறது.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஆய்வில் 'பங்கேற்பாளராக' இருப்பது வேறு. அவரிடமிருந்து தகவல் எடுப்பார்கள், அவ்வளவுதான். 'ஆய்வுக் கூட்டாளியாக' இருப்பவர் கேள்வித்தாள் எழுதும்போதே உடன் இருப்பார். "இந்தக் கேள்வியைப் படிச்சா திட்டுற மாதிரி இருக்கு" என்பார். "மூணு மாசத்துக்கு வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னா வேலைக்குப் போறவங்க யாரும் வரமாட்டாங்க" என்பார். முடிவுகளை எழுதும்போதும் அவர் பார்ப்பார்.

பிரிட்டனில் அரசு மருத்துவ ஆய்வுகளில் பொதுமக்களைச் சேர்க்க 1996-லேயே தனி அமைப்பு தொடங்கப்பட்டது. மக்களைப் 'பற்றி' ஆராயாமல், மக்களோடு 'சேர்ந்து' ஆராய்வது என்பதுதான் அங்கு சொல்லப்படும் விளக்கம். அமெரிக்காவில் 2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் வழியாக, நோயாளிகளுக்கு எது முக்கியமோ அதை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் உருவானது. 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' போன்ற இதழ்கள், ஆய்வில் நோயாளிகள் எப்படிப் பங்கெடுத்தார்கள் என்று கட்டுரையிலேயே எழுதச் சொல்கின்றன.

இதற்கெல்லாம் முன்னோடி எச்.ஐ.வி. பாதித்தவர்கள். 1983-ல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய அவர்கள், தங்களை 'பலியானவர்கள்' என்று அழைக்க வேண்டாம், தங்களைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். 1988 அக்டோபரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். அதன் பிறகு மருந்து சோதனை நடத்தும் முறையே மாறியது. உடல் பருமன் விஷயத்தில் அந்த அளவுக்கு யாரும் தெருவுக்கு வரவில்லை. எடைக்குக் காரணம் தன் சோம்பல்தான் என்று ஊர் சொல்வதைத் தானும் நம்பிவிட்ட ஒருவர் எப்படிப் போராட வருவார்? ஆக்‌ஷன் ஐஓ ஆய்வில் 81 சதவீதம் பேர், எடையைக் குறைப்பது முழுக்க முழுக்கத் தங்கள் பொறுப்பு மட்டுமே என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

பிபி பட்டை சொல்லும் கதை

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிபி பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை. பருமனான கைக்குச் சாதாரண பட்டை பத்தாது. இறுக்கிச் சுற்றினாலும் காற்று ஏற ஏறப் பிய்த்துக்கொண்டு வரும், வலிக்கும். அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு இது எப்போதோ தெரிந்த விஷயம். பெரும்பாலும் அவர் வெட்கத்தில் எதுவும் சொல்லாமல் இருந்துவிடுவார். நர்ஸ் எப்படியோ சமாளித்து ஒரு எண்ணை எழுதிவிடுவார்.

அந்த எண் எவ்வளவு தப்பாக இருக்கலாம்? அமெரிக்காவின் பால்டிமோரில் 195 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. ஒரே ஆளுக்கு வெவ்வேறு அளவுப் பட்டைகளைக் கட்டி அளந்து பார்த்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 144 என்று காட்டியது. சரியான பட்டையில் 124.5. கிட்டத்தட்ட 20 புள்ளி வித்தியாசம்!

இதன் விளைவு சாதாரணமானது அல்ல. 144 என்றால் ரத்த அழுத்த நோய், மாத்திரை ஆரம்பிக்கலாம் என்ற பேச்சு வரும். 124 என்றால் அந்தப் பேச்சே இல்லை. இப்படித் தப்பாக அளந்த எண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தால், அதன் முடிவும் தப்பாகவே இருக்கும். ஆய்வு தொடங்கும் முன்பே குழுவில் இருக்கும் ஒருவர், "பெரிய பட்டை வாங்கி வைச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருந்தால் போதும்.

நாற்காலியும் அப்படித்தான். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழ முடியாதவர், அடுத்த முறை வரமாட்டார். ஆய்வு அறிக்கையில் அவர் 'பாதியில் விலகியவர்' என்று பதிவாவார். நாற்காலி பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்து, அந்த எண்ணைச் சத்தமாகப் படிக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எத்தனை கிலோ குறைந்தது என்பது மட்டும் போதுமா?

எடை குறைப்பு அறுவை சிகிச்சை ஆய்வுகளில் ஒரு பழைய பிரச்சினை உண்டு. ஒவ்வொரு குழுவும் தனக்குத் தோன்றியதை அளந்தது. ஒன்றையொன்று ஒப்பிடவே முடியவில்லை. எனவே எல்லா ஆய்வுகளும் குறைந்தபட்சம் எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று ஒரு பொதுப் பட்டியல் தயாரிக்க பிரிட்டனில் ஒரு முயற்சி நடந்தது. 'பாரியாக்ட்' என்று பெயர். அறுவை சிகிச்சை நிபுணர்களோடு, அந்தச் சிகிச்சையை அனுபவித்த நோயாளிகளிடமும் கருத்து கேட்டார்கள்.

2016-ல் வெளியான இறுதிப் பட்டியலில் 9 விஷயங்கள் இடம்பிடித்தன. எடை, சர்க்கரை நோய், இதய நோய் அபாயம், உயிரிழப்பு எல்லாம் எதிர்பார்த்தவைதான். கூடவே வாழ்க்கைத் தரம், விழுங்கும்போது ஏற்படும் சிரமமும் சாப்பிட்டது மேலே வருவதும், வைட்டமின் போன்ற நுண்சத்துகளின் அளவு ஆகியவையும் இருந்தன. 30 கிலோ குறைந்தால் டாக்டரின் கணக்கில் அது வெற்றி. தினமும் சாப்பிட்டது தொண்டைக்கு வருகிறது என்றால் வீட்டில் இருப்பவரின் கணக்கு வேறாக இருக்கும். இரண்டையும் எழுதி வைத்தால்தான் அடுத்து ஆபரேஷனுக்கு யோசிப்பவர் சரியாக முடிவெடுக்க முடியும்.

இப்போது கடைகளுக்கு வந்திருக்கும் ஊசி மருந்துகளுக்கும் இது பொருந்தும். செமாக்ளூடைட் ஊசி பற்றி 2021-ல் வந்த பெரிய ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது என்பது தலைப்புச் செய்தியானது. "ஊசியை நிறுத்தினா என்ன ஆகும்? ஆயுசுக்கும் போடணுமா? மாசம் எவ்வளவு செலவு?" என்பதுதான் வீட்டில் கேட்கப்படும் கேள்வி. நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்பது அதே ஆய்வின் தொடர்ச்சியில்தான் தெரியவந்தது.

முதலில் அனுமதி கேளுங்கள்: கனடா காட்டிய வழி

பேச்சோடு நிற்காமல் செயலுக்கு வந்த உதாரணம் கனடா. பெரியவர்களின் உடல் பருமன் சிகிச்சைக்கான அந்நாட்டின் புதிய வழிகாட்டுதல் 2020 ஆகஸ்ட்டில் வெளியானது. அதை உருவாக்கியதில் உடல் பருமனோடு வாழ்பவர்களுக்கும் பங்கு இருந்தது.

அந்த வழிகாட்டுதலின்படி டாக்டர் செய்ய வேண்டிய முதல் வேலை டயட் சார்ட் கொடுப்பது அல்ல. "உங்க எடையைப் பத்திப் பேசலாமா?" என்று அனுமதி கேட்பது. காய்ச்சலுக்கு வந்தாலும், கால் சுளுக்குக்கு வந்தாலும் "முதல்ல எடையைக் குறைங்க" என்ற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். உடல் பருமனை பிஎம்ஐ எண்ணை மட்டும் வைத்துப் பார்க்காமல், கொழுப்பு உடல்நலத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் அது சொன்னது. 2025 ஜனவரியில் லான்செட் இதழ் அமைத்த ஆணையமும் ஏறக்குறைய இதே திசையில்தான் பேசியது. 50-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் கொண்ட அந்தக் குழுவிலும் பட்டறிவு உள்ளவர்கள் இருந்தார்கள்.

சிக்கல்களும் இருக்கின்றன

யாரையாவது ஒருவரைக் கூப்பிட்டு, போட்டோ எடுத்து, "நோயாளிகளையும் கலந்தாலோசித்தோம்" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? மக்கள் பங்கேற்பு எவ்வளவு உண்மையானது என்பதை 8 படிகள் கொண்ட ஏணியாக 1969-லேயே விளக்கினார் அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன். கருத்து கேட்டுவிட்டு முடிவை மட்டும் தாங்களே எடுப்பதை அவர் வெறும் சடங்கு என்றே வகைப்படுத்தினார். பல ஆய்வுகள் இன்னும் அந்தப் படியில்தான் நிற்கின்றன.

நன்றாகப் பேசத் தெரிந்த, பகலில் நேரம் ஒதுக்க முடிந்த சிலரே எல்லாக் கூட்டங்களுக்கும் வருவது இன்னொரு சிக்கல். தினக்கூலிக்குப் போகும் ஒருவரைக் கூப்பிட்டால் அன்றைய சம்பளத்தையும் பஸ் காசையும் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கான பட்ஜெட்டில் அது முதலிலேயே இல்லையென்றால் பிறகு வராது. நோயாளர் அமைப்புகள் சிலவற்றுக்கு மருந்து கம்பெனிகளின் நிதி வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அது வெளிப்படையாகத் தெரிந்தால்தான் அவர்கள் பேசுவது யாருடைய குரல் என்று எடை போட முடியும்.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். நாட்டின் சராசரி பெண்களில் 24, ஆண்களில் 22.9 சதவீதம்தான். ஆக்‌ஷன் ஐஓ ஆய்வின் 11 நாடுகளில் இந்தியா கிடையாது.

இந்தியாவில் மருந்து சோதனைகளுக்கு 2019-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவத் துறை சாராத சாமானியர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது விதி. அவருக்கு அந்த நோயின் அனுபவம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம் 2024 அக்டோபரில் திருத்தப்பட்டபோது ஒரு படி மேலே போனது. ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் மக்களை உண்மையாகவே ஈடுபடுத்த வேண்டும் என்று அதில் சேர்க்கப்பட்டது.

இங்கே ஒரு டயட் ஆய்வைத் திட்டமிடும் குழுவில், வீட்டில் சமைக்கும் ஒரு பெண் இருந்தால் என்ன சொல்வார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. "வீட்ல அஞ்சு பேருக்கு சோறு வடிக்கிறேன். எனக்கு மட்டும் தனியா ஓட்ஸ் கஞ்சி வைக்க நேரமும் இல்ல, காசும் இல்ல" என்பார். "சாயங்காலம் நடக்கச் சொல்றீங்க, எங்க தெருவுல நடைபாதை எங்க இருக்கு?" என்றும் கேட்பார். இதைக் கேட்காமல் நடத்தும் ஆய்வில் பாதிப் பேர் விலகினால், பழி அவர்களுடைய மன உறுதி மீது விழும்.

ஆய்வுக்கு உங்களைக் கூப்பிட்டால்?

தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், படிக்கச் சொல்லிக் கேட்கலாம். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. மருந்து சோதனை என்றால் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இவற்றோடு இன்னும் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். பணம் யார் தருகிறார்கள்? எடை போக வேறு என்னவெல்லாம் அளப்பீர்கள்? எனக்குச் சரியான அளவில் பிபி பட்டை இருக்கிறதா? இதைத் திட்டமிட்டபோது என்னைப் போன்ற யாரையாவது கேட்டீர்களா? ஆய்வு முடிந்ததும் என்ன தெரிந்தது என்று எனக்கும் சொல்வீர்களா?