அடையாற்றுப் பகுதியின் நீர்வழி வாணிகம்

அடையாற்றுப் பகுதியின் வாணிக வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் சாலைகளையும் பாலங்களையுமே எண்ணுவர். காந்தி நகர், கஸ்தூரிபா நகர் ஆகியவற்றின் அருகே செல்லும் பக்கிங்காம் கால்வாயும் ஒருகாலத்துப் பெருவழியே என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வழி தன் வாணிகத்தை இழந்தவாற்றையும், அதனை மீட்க எண்ணியவர் எதிர்கொண்ட தடையையும் ஈண்டு ஆராய்வாம்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை 1806இல் வெட்டப்பெற்ற கால்வாய், முதலில் காக்ரேன் என்பார் பெயரால் வழங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதியோ 1876-78ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் எழுந்தது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் இன்றும் நினைவுகூரும் அக்கொடுங்காலத்தில், பசித்தோர்க்கு வேலை தரும் பொருட்டே அது வெட்டப்பெற்றது. ஆளுநர் பெயரோ கால்வாய் முழுமைக்கும் நிலைத்தது! வெட்டியோர் பெயர் ஒன்றேனும் நிற்கவில்லை.

இக்கால்வாய் வழியே உப்பும் சவுக்கு விறகும் நகருக்கு வந்தன. காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், வாயாதபோது கரைமேல் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகளைச் செலுத்தினர். மயிலாப்பூரில் 'தண்ணீர்த்துறைச் சந்தை' என வழங்கும் பெயர் ஈண்டு நோக்கற்பாலது. துறை என்பது நீரில் இறங்குமிடத்தையும் கலம் அடையுமிடத்தையும் குறிக்கும். கடலினின்று விலகி நிற்கும் ஒரு சந்தைக்கு இப்பெயர் வாய்த்தமைக்குக் கால்வாயே காரணமாதல் வேண்டும் என யாம் கருதுகின்றோம்.

இருப்புப்பாதையும் பின்னர்ச் சரக்குந்துகளும் இவ்வாணிகத்தைக் கவர்ந்தன. 1965-66ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ஆயினும் இவற்றால் வழி நலிந்ததேயன்றி அடைபட்டதில்லை. அடைத்தது பறக்கும் இரயில் திட்டமே. அது 1995இல் சேப்பாக்கத்தையும் 1997இல் மயிலாப்பூரையும் 2004இல் திருவான்மியூரையும் எட்டியது. அதன் தூண்கள் பல கால்வாயின் படுகையிலேயே ஊன்றப்பெற்றன. நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறைந்தது என்பது உண்மை. ஆயின், 2008இல் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரையுள்ள இக்கால்வாய் 4ஆம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பெற்றபோது, படகு செல்ல வேண்டிய இடத்தில் தூண்கள் நின்றன. ஓர் அரசின் கை வகுத்த வழியை மற்றொரு கை முன்னரே மறித்துவிட்டது எனலாம்.

திருவான்மியூரைக் கடந்து அவ்விருப்புப்பாதை வேளச்சேரி நோக்கி மேற்கே திரும்புகிறது. அதற்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே செல்லும் கால்வாய்க்கு இத்தூண்கள் இல்லை. படகு வாணிகத்தை மீட்கக் கருதுவோர் தொடங்க வேண்டிய இடம் அதுவே. அங்ஙனம் தொடங்கின், மரக்காணத்தினின்று வரும் படகுக்கு இறுதித் துறை அடையாற்றுக்குத் தெற்கே அமையுமேயன்றி மயிலாப்பூரில் அமையாது.