உயர்பாதைப் பூங்காவும் நிலவுரிமையும்: நியூயோர்க் நகர வரலாற்றில் ஒரு நோக்கு

கைவிடப்பட்ட உயர்புகையிரதப் பாதையொன்று பூங்காவாக மாறியமையை அழகுணர்ச்சியின் வெற்றியெனக் கூறுதல் பெருவழக்கு. நியூயோர்க்கின் ‘ஹை லைன்’ வரலாற்றை நுணுகி ஆராயின், நிலவுரிமையே அம்மாற்றத்தைப் பெரிதும் தீர்மானித்தமை புலனாகும்.

மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுச் சரக்குப் புகையிரதங்கள் வீதி மட்டத்திலேயே ஓடின. அவற்றில் அகப்பட்டு மாண்டோர் பலராதலின் பத்தாம் அவெனியூ ‘மரண வீதி’ எனப் பெயர்பெற்றது. 1934இல் திறக்கப்பட்ட உயர்பாதை இவ்வவலத்தை நீக்கிற்று. பின்னர் லொறிப் போக்குவரத்துப் பெருகவே பாதை பயனிழந்தது. 1980இல் இறுதி வண்டி ஓடியது.

பாதையின் கீழுள்ள நிலங்களுக்கு உரியோர் அதனை இடிக்குமாறு கோரினர். ஜோஷுவா டேவிட், றொபேட் ஹமண்ட் ஆகியோர் அதனைக் காக்க 1999இல் ஒரு சங்கம் அமைத்தனர். இப்பிணக்குத் தீர்ந்தது எவ்வாறு? 2005ஆம் ஆண்டின் நிலப்பயன்பாட்டு விதிகள், பாதையின் கீழ்ப் பயன்படுத்தவியலாத கட்டட உரிமையை அயலிலுள்ள மனைகளுக்கு விற்க நிலவுடைமையாளருக்கு இடமளித்தன. எதிர்ப்புத் தணிந்தது, 2009இல் பூங்காவின் முதற்பகுதி திறக்கப்பட்டது.

அவ்வுரிமை வாங்கியோர் மாடமாளிகைகளை எழுப்பினர், நிலவிலையும் உயர்ந்தது. அருகே அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த எளியோர் பெற்ற நன்மை சிறிதே. அயலவர்க்குப் பயன்தரத் தவறியமையை ஹமண்டே 2017இல் ஒப்புக்கொண்டார்.

ஆகவே, ஒரு பழைய பாதை காக்கப்பட்டதா என்பதுடன், அதன் பயன் யாரைச் சேர்ந்தது என்பதையும் வினவுதல் நகர வரலாற்றாசிரியர் கடனென நாம் கருதுகின்றோம்.