ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இழந்த தகுதி

ஹிந்து பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்த தலைமுறை நம்முடையது. இங்கிலாந்து ஸ்கோர்களில் சர்ரே, யார்க்‌ஷயர் கவுண்டிகளுக்கு நடுவே ஆக்ஸ்ஃபோர்ட் யூனிவர்சிட்டி, கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டி என்ற பெயர்களும் வரும். காலேஜ் பையன்கள் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களோடு முதல்தர ஆட்டம் ஆடியதும், அந்தத் தகுதி அவர்களிடம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து, நம் கண்ணெதிரே போய்விட்டதும் சுவையான கதை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் விளையாட்டுக் கணக்கைப் பல வருஷம் எழுதியவன் என்பதால் எனக்கு இதில் தனி ஈடுபாடு.

இரு பல்கலைக்கழகங்களும் முதன்முதலாக லார்ட்ஸ் மைதானத்தில் மோதியது 1827-ல். ஏற்பாடு செய்தவர் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன். மழை வந்து ஆட்டம் டிராவில் முடிந்தது. 1829-ல் இரு பல்கலைக்கழகங்களின் முதல் படகுப் போட்டிக்கும் அவரே முன்னின்றார். பிறகு கேம்பிரிட்ஜுக்கு ஃபென்னர்ஸ், ஆக்ஸ்ஃபோர்டுக்கு பார்க்ஸ் என்று சொந்த மைதானங்கள் அமைந்தன. 1878-ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆஸ்திரேலிய அணியையே இன்னிங்ஸ் வெற்றியில் தோற்கடித்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களுடைய தகுதியை யாரும் கேள்வி கேட்கவில்லை.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ரஞ்சி 1893-ல் கேம்பிரிட்ஜில் 'புளூ' வாங்கினார். எதிர்ப் பல்கலைக்கழகத்தோடு ஆடியவருக்குத்தான் அந்தப் பட்டம். 1931-ல் மூத்த பட்டோடி ஆக்ஸ்ஃபோர்டுக்காக ஆட்டமிழக்காமல் 238 அடித்தார். அவர் மகன் 1961-ல் ஆக்ஸ்ஃபோர்ட் கேப்டன். நம் சென்னை கோட்டா ராமசாமி கேம்பிரிட்ஜில் டென்னிஸுக்கு புளூ பெற்று, 1922-ல் டேவிஸ் கோப்பை ஆடி, 1936-ல் நாற்பது வயதில் டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடியவர்.

பெயர் பெற்ற கிளப்புக்கும் ஒரு நாளில் தலைகுனிவு வரலாம் என்பதற்கு 1896 ஆட்டம் சாட்சி. அப்போது ஃபாலோ ஆன் கட்டாயம். 120 ரன் பின்தங்கிய அணி உடனே மறுபடி பேட் செய்தாக வேண்டும். ஓய்வில்லாமல் மறுபடி பந்து வீசவும், கடைசி நாளில் தேய்ந்த ஆடுகளத்தில் பேட் செய்யவும் கேம்பிரிட்ஜ் விரும்பவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு விக்கெட்தான் மிச்சம், தப்பிக்க இன்னும் 12 ரன் வேண்டும். கேம்பிரிட்ஜ் கேப்டன் ஃபிராங்க் மிச்சல் சொல்லி, பந்து வீச்சாளர் வேண்டுமென்றே பந்தை எல்லைக் கோட்டுக்கு விட்டு அந்த 12 ரன்னையும் தானம் செய்தார். விதி மீறல் எதுவும் இல்லை. ஆனால் லார்ட்ஸில் எம்.சி.சி. உறுப்பினர்களே எழுந்து கூச்சலிட்டார்கள். கடைசியில் ஆக்ஸ்ஃபோர்ட் 330 ரன் எடுத்து நான்கு விக்கெட்டில் ஜெயித்தது. 1900-ல் ஃபாலோ ஆன் கட்டாயமில்லை என்று விதியையே மாற்றினார்கள்.

கூச்சலால் தகுதி போய்விடவில்லை. அதைக் கரைத்தது காலம்தான். பந்தாட்டக்காரர் என்று பார்த்து இடம் தருவது குறைந்து, மதிப்பெண்ணே பிரதானமாயிற்று. கவுண்டி அணிகள் முழுநேரத் தொழிலாக ஆடின. மாணவர்களுக்கோ மே, ஜூனில் பரீட்சை. தோல்விகள் கூடின. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களை ஏற்படுத்தியது. ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்களும் பக்கத்து ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களும் ஒரே அணியாகக் கவுண்டிகளோடு ஆடினார்கள். பின்னால் எம்.சி.சி. பணம் கொடுத்தது. அப்படியும் முதல்தரத் தகுதி நீடிக்கவில்லை. 2020-ல் ஃபென்னர்ஸில் நடந்ததே இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கடைசி முதல்தர ஆட்டம். லார்ட்ஸில் நடந்துவந்த ஒருநாள் ஆட்டத்தையும் நிறுத்திவிட 2022-ல் எம்.சி.சி. முனைந்தது. உறுப்பினர்கள் பலர் எதிர்த்ததால் தள்ளிப்போட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் வரவில்லை. முதல்தரத் தகுதி என்பது வெளியிலிருந்து கொடுத்தது. கொடுத்தவர்கள் ஒரு நாள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிளப் தன் கையால் காக்க வேண்டியவை வேறு. ஆடுகிறவன் நிஜமாகவே அந்தக் கல்லூரி மாணவனா, சந்தா கணக்கு வருஷா வருஷம் சரிபார்த்துக் கையெழுத்தானதா, ஒப்புக்கொண்ட ஆட்டத்துக்குப் பதினொரு பேர் நேரத்துக்குப் போய் நின்றார்களா? எங்கள் அலுவலகத்தில் நான் பார்த்தவரை, இந்த மூன்றும் ஒழுங்காக இருந்த கிளப்புக்கு, கோப்பை ஜெயிக்காத வருஷத்திலும் மற்ற கல்லூரிகள் ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பின. ஒழுங்கில்லாத கிளப் கோப்பையோடு வந்தாலும், மறு வருஷம் அதை அழைக்க யோசித்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. 1827-ல் வேர்ட்ஸ்வொர்த் தொடங்கியபோது 'முதல்தரம்' என்ற பட்டமே எழுத்தில் இல்லை. எதிரே ஆட ஒரு அணி இருந்தது, அது போதுமானதாக இருந்தது.