சிற்றூருக்கு ஒரு வானொலி

தொலைவை வென்ற கருவி என்று வானொலியைப் போற்றுவது வழக்கம். எத்துணைத் தொலைவுக்கு ஒலி எட்டுகிறதோ, அத்துணைச் சிறப்பு அந்நிலையத்துக்கு உண்டு என்னும் எண்ணமும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆயினும் 10 கிலோமீட்டருக்கு அப்பால் கேளாத சிறு நிலையமும் பெரிய நிலையங்களால் இயலாத பணியைச் செய்யக்கூடும் என்பதை அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. லகாட் போன்ற ஊர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு அது.

லகாட், ஈப்போவை அடுத்து, கிளேடாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது. ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். சுற்றுப்புறத்தில் ரப்பர் தோட்டங்கள் பரந்திருந்தன. 808 மீட்டர் உயரமுள்ள கிளேடாங் மலையின் உச்சியில் நிற்கும் கோபுரங்களே கிந்தாப் பள்ளத்தாக்குக்கு ஒலியையும் ஒளியையும் வழங்குகின்றன. லகாட் மக்கள் கோபுர நிழலில் வாழ்பவர்கள் எனலாம். ஆனால் அக்கோபுரம் வழியே வரும் தமிழ், வேறு ஊர்களில் உருவாகும் தமிழாகும்.

மலாயாவில் வானொலி அரும்பிய கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1921-ஆம் ஆண்டு ஜொகூரில் மின்துறைப் பொறியாளராக இருந்த பிர்ச் என்பவர் முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1934-இல் பினாங்கு வானொலிக் கழகத்தின் நிலையம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. 1937-இல் சிங்கப்பூர் கால்டிகாட் குன்றில் பெரிய நிலையம் எழுந்தது. போருக்குப் பின், 1946-இல், ஒலிபரப்பு அரசாங்க இலாகாவாயிற்று.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் வானொலி தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மக்களிடம் அரசாங்கம் பேசவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். தொழிலாளி கேட்டான்; ஆனால் அவன் மறுமொழி சொல்ல அப்பெட்டியில் வழியில்லை.

மலேசியா உருவான பின், இந்தியப் பகுதி என்றும் வானொலி ஆறு என்றும் வழங்கிய அரசாங்கத் தமிழ் ஒலிபரப்பு, 2005-இல் மின்னல் பண்பலை என்னும் பெயர் பெற்றது. அதன் தொண்டு சிறியதன்று. செய்தி, நாடகம், இசை, இலக்கியம் எனப் பலவற்றையும் தந்து, நாடெங்கும் சிதறிக் கிடந்த தமிழரை ஒரே செவியாக்கியது. எனினும் நாடு முழுமைக்கும் பேசும் நிலையம் ஒரு சிற்றூரின் கால்வாயைப் பற்றியும், ஒரு பள்ளியின் மாணவர் சேர்க்கையைப் பற்றியும் நாள்தோறும் பேச இயலாது. அது நிலையத்தின் குற்றமன்று, அளவின் இயல்பு.

பண்பலையின் தன்மையும் இங்கு அறியத்தக்கது. சிற்றலை வானில் எதிரொளித்துக் கடல் கடந்து செல்லும். பண்பலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. 808 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 30 மீட்டர்க் கம்பத்திலிருந்து 20 கிலோமீட்டரே. இக்குறுகிய எல்லையைக் குறையென்று தள்ளாமல் பயனாகக் கொண்டதே சமுதாய வானொலி.

இந்தியாவில் அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தோன்றியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை கிட்டியது. அவ்விதிகளின்படி கம்பத்தின் உயரம் 30 மீட்டரை மிஞ்சலாகாது; நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வூர் மக்களின் பங்கேற்பால் உருவாதல் வேண்டும்; வட்டார வழக்குக்கு முதலிடம் தருதல் நன்று. அரசியலுக்கு மட்டும் இடமில்லை.

இவ்வழியில் 2016 ஆகஸ்டு 15-ஆம் நாள் பாம்பன் தீவில் 'கடல் ஓசை' 90.4 பண்பலை பிறந்தது. மீனவருக்காக மீனவக் குடும்பத்தினரே நடத்தும் நிலையம் அது. காற்றின் போக்கு, கடலின் நிலை, மீன்வளக் காப்பு, பாசி எடுக்கும் பெண்களின் வாழ்க்கை, மீனவர் பாடல் ஆகியவை அதன் பொருள்கள். 'சமுத்திரம் பழகு' என்பது அதன் நிகழ்ச்சிகளுள் ஒன்று. கடற்கரை மக்கள் காற்றை வாடை என்றும் கொண்டல் என்றும் கச்சான் என்றும் பிரித்தறிபவர்கள். அம்மக்களிடம் பேசுவோர் அச்சொற்களை அகராதியில் தேடலாகாது. வாழ்க்கையில் அறிந்திருத்தல் வேண்டும். பாம்பனின் சிறப்பு இதுவே: கேட்பவரும் பேசுபவரும் ஒருவரே.

தோட்டத்துக்கும் அத்தகைய சொற்செல்வம் உண்டு. பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், லயம் முதலிய சொற்கள் ஒரு தலைமுறையின் நாட்குறிப்பாக விளங்கியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பெயர்ந்தபின், அச்சொற்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. பால் வெட்டிய கைகள் முதுமையால் தளர்ந்துவிட்டன. அவர்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு மறையும் நிலையில் உள்ளன. எழுத்தில் ஏறாத வரலாறு குரலில் மட்டுமே வாழும். குரல் நின்றால் அதுவும் நின்றுபோகும்.

லகாட்டில் ஒரு சிறு வானொலி அமைய உரிமமும் பொருளும் வேண்டும். அவை எளிதில் கிட்டுவன அல்ல. ஆனால் வானொலியின் முதற்பணி ஒலிபரப்பன்று. ஒலியைச் சேர்த்தலே ஆகும். அதற்கு உயர்ந்த கோபுரம் வேண்டியதில்லை. கையிலுள்ள தொலைபேசி போதும். முதியவரின் அருகில் அமர்ந்து கேட்கும் பொறுமை போதும். பள்ளிப் பிள்ளைகள் தத்தம் பாட்டனார், பாட்டியாரின் பேச்சைப் பதிந்து வைப்பார்களாயின், பின்னாளில் நிலையம் அமையும்போது ஒலிபரப்புதற்குரிய பொருள் ஆயத்தமாக இருக்கும். நிலையம் அமையத் தாழ்ந்தாலும் அப்பதிவுகள் ஊரின் ஏடாக நிலைக்கும். உரிமம் காலந்தாழ்த்தி வரலாம்; முதியவரின் குரல் காலத்துக்காகக் காத்திராது.