ஹேர்மிஸ் கப்பற் சிதைவு

கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்புக் கடலில் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் பிரித்தானியக் கப்பல். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் இதுவே. 1924இல் சேவையில் சேர்ந்தது. திருகோணமலையிலிருந்து வெளியேறியிருந்த இதனை 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்தன. அவ்வேளை கப்பலில் விமானம் ஒன்றுமில்லை. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துணைவந்த வம்பயர் நாசகாரிக் கப்பலும் அன்றே மூழ்கியது.

இங்கே பீரங்கிக் குழல்களில் பவளங்கள் படர்ந்துள்ளன. அவற்றைச் சுற்றி மீன்கூட்டங்கள் திரிகின்றன. பொழுதுபோக்குச் சுழியோடலின் 40 மீற்றர் எல்லையைத் தாண்டியது இவ்விடம். உடலில் கரைந்த நைதரசன் வெளியேற, மேலேறுகையில் இடையிடையே தரித்து வரவேண்டும். ஆகவே சிறப்புப் பயிற்சி பெற்றோர், கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் மட்டுமே இறங்குவர். பலரின் உயிர் அடங்கிய இடமாதலால், எதனையும் தொடாமலும் எடுக்காமலும் திரும்புவதே முறை.