எஸ்பிளனேடில் இல்லாத கல்

சாலையோரத்தில் நடப்பட்ட கல், தான் குறிக்கும் வீரனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நட்டவர் யார் என்பதையும் சொல்லும். சில வேளைகளில் அதனை இடித்தவர் யார் என்பதையும் சொல்லும். தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கிறது. நடுகல்லின் தேய்ந்த எழுத்துகளை வழிச்செல்வோர் நின்று நோக்கியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கல் தேய்வது இயற்கை. ஆனால் நட்ட இரண்டு மாதத்துக்குள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்ட கல் ஒன்றின் வரலாறு மலாயாத் தமிழரோடு நெருங்கிய தொடர்புடையது.

அது நின்ற இடம் சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்கா. கன்னாட் சாலையை ஒட்டிய இப்பூங்காவில் முதற்கண் கண்ணிற்படுவது செனோடாப் எனப்படும் போர் நினைவுத் தூண். முதல் உலகப் போரில் மாண்ட 124 பேரின் நினைவாக எழுப்பப்பட்ட அதனை, 1922 மார்ச் 31இல் அன்றைய வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் திறந்து வைத்தார். இரண்டாம் போருக்குப் பின் அதன் மறுபக்கத்தில் அப்போருக்குரிய வாசகமும் சேர்ந்தது. பேரரசின் பொருட்டு உயிர்துறந்தோர்க்குப் பேரரசு வைத்த கல் அது.

அதன் அருகே, அப்பேரரசை எதிர்த்து மடிந்தோர்க்கும் ஒரு கல் எழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்துப் பேரர் பார்க் திடலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வித்து அங்கே விழுந்தது. 1943 ஜூலை 5இல், பூங்காவுக்கு எதிரே உள்ள பாடாங் திடலில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அப்படையைப் பார்வையிட்டார். அதன்பின் சிப்பாய்களோடு பொதுமக்களும் சேர்ந்தனர். அவர்களுள் தோட்டத் தமிழர் மிகப் பலர். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தனர். அப்படையின் துணைத் தளபதியாக விளங்கிய கோலாலம்பூர் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் எனப் புகழ்பெற்று, 2000ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சேர்ந்தவர் அனைவரும் விடுதலை வேட்கையால் மட்டுமே சேர்ந்தனர் எனல் மிகை. சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்படுவோமோ என்னும் அச்சமும், தோட்டத்தில் தாண்டவமாடிய பசியும் சிலரைப் படை முகாமுக்குத் தள்ளின. இதைச் சொல்வதால் அவர்கள் பெருமை குறைந்துவிடாது. துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சி வாழ்ந்த ஒருவன், தன்னை ஒரு நாட்டின் வீரன் என எண்ணிக்கொண்ட அந்த ஒரு மாற்றமே பெரிது.

1944இல் இம்பாலில் படை தோற்றது. 1945 ஏப்ரலில் நேதாஜி இரங்கூனை விட்டுப் பின்வாங்கினார். ஜூலை 8ஆம் நாள் எஸ்பிளனேடில் அவர் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆகவே இது வெற்றித் தூண் அன்று. தோற்றுக்கொண்டிருந்த படையொன்று தன் இறந்தோரை மறவாதிருக்க வைத்த கல். ‘இத்திபாக், இத்மாத், குர்பானி’ என்னும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பன அவற்றின் பொருள்.

செப்டம்பர் 5இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். மவுண்ட்பேட்டன் ஆணைப்படி அம்மாதமே சின்னம் தகர்க்கப்பட்டது. அத்தனை விரைவு எதற்கு? வந்திறங்கிய படை, 5ஆம் இந்தியப் படைப்பிரிவு. அதன் சிப்பாய்களும் இந்தியரே. தம் இனத்தார் எதிர்ப்பக்கம் நின்று மடிந்த செய்தியை அவர்கள் நின்று படிக்க நேர்ந்தால் விளைவு என்னாகும் என ஆட்சியாளர் அஞ்சியிருத்தல் கூடும். அவ்வச்சம் வீணன்று என்பதை அவ்வாண்டு நவம்பரில் டில்லிச் செங்கோட்டை விசாரணை தொடங்கியபோது இந்தியாவெங்கும் எழுந்த கொதிப்பு காட்டிற்று.

கல் போன பின்னும் இடம் போகவில்லை. 1946 மார்ச்சில் சிங்கப்பூருக்கு வந்த ஜவாஹர்லால் நேரு, அவ்விடத்தில் மலர்வளையம் வைக்க எண்ணியிருந்தார். அதனைப் பொது நிகழ்ச்சியாக நடத்த வேண்டாம் என மவுண்ட்பேட்டன் கேட்டுக்கொள்ள, நேருவும் இசைந்தார். இடித்துத் தள்ளிய வெற்றிடத்துக்கு இத்தனை பேச்சு நடந்தது என்பதே அதன் வலிமைக்குச் சான்று.

பின்னர் எட்டாண்டு கழித்து, 1954 ஜூன் 29இல், அதே பூங்காவில் லிம் போ செங் நினைவகம் திறக்கப்பட்டது. ஜப்பானியரை எதிர்த்த 136ஆம் படையைச் சேர்ந்த அவர், பேராக் மாநிலத்துப் பத்து காஜா சிறையில் 1944ஆம் ஆண்டு இதே நாளில் உயிர் நீத்தவர். அவர் எதிர்த்துப் போராடிய ஜப்பானியரே இந்திய தேசிய இராணுவத்துக்குத் துணை நின்றவர்கள். ஒரே பூங்கா, ஒருவர் நியாயம் மற்றவர்க்கு எதிர் நியாயம். பள்ளிப் பாட நூல்கள் ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டுவிடலாம்; அங்கே நடந்து போகிறவனுக்கு அந்த வசதி இல்லை.

1995இல், போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில், சிங்கப்பூர்த் தேசிய மரபுடைமைக் கழகம் போர்க்கால இடங்களுக்கு அடையாளக் கற்கள் வைத்தபோது, தகர்க்கப்பட்ட சின்னம் நின்ற இடத்துக்கும் ஒன்று வைத்தது. புதிய கல் வீரர்க்கு எடுத்த தூண் அன்று. இங்கே ஒரு தூண் இருந்தது என அறிவிக்கும் பலகை. 2010 டிசம்பரில் செனோடாப்பும் லிம் போ செங் நினைவகமும் பூங்காவிலுள்ள டான் கிம் செங் நீரூற்றும் ஒருங்கே தேசிய நினைவுச் சின்னங்களாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. நான்காவதாக அறிவிப்பதற்கு அங்கே பழைய கல் இல்லை.